பேட்ஜ் இல்லாமல் கதவு திறக்காது

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த மனிதரைத்தான் நான் எதிர்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததைக் கேட்டவர்கள் எல்லோரும், ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் உட்பட, எடுத்த எடுப்பில் சொன்னது அதைத்தான். "சோறு போட்ட கையக் கடிக்கலாமா?" என்று மூன்றாவது மாடிக்காரர் லிஃப்டில் வைத்தே கேட்டார். எனக்குச் சோறு போட்டது நான் பார்த்த வேலை என்று பதில் சொல்லிவிட்டு என் மாடியில் இறங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக் கொலுவுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள் அவை. என் கணவர் ஜெபல் அலியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினியர். நான் மதுரையில் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, ஒரு கல்லூரியில் மூன்று வருடம் செய்முறை வகுப்பு நடத்தி, கல்யாணமாகி வளைகுடாவுக்கு வந்தவள். மகள் பள்ளிக்குப் போகிற வரை வீட்டில் இருந்தேன். ஒரு பொங்கல் விழாவில் பேராசிரியரைப் பார்த்தோம். சென்னைக்காரர். இருபது வருடமாக அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிப்பவர். நான் அணுக்கரு இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"படிச்சிட்டு சும்மாவா உக்காந்திருக்கே? நான் லேப்ல ஆள் இல்லாம தவிச்சிண்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து பாரு."

போனேன். வேலை கிடைத்தது. மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி தருவது பாதி வேலை. மீதிப் பாதி, தரைத்தளத்தில் கடைசியாக இருந்த பூட்டிய அறை. கதிர்வீசும் பொருள்களை, எங்கள் பேச்சில் சோர்ஸ் என்போம், அங்கே ஈயப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு என்று பேராசிரியர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் மார்பில் ஒரு பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் பெட்டி அது. அணிந்தவர்மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதைப் பிடித்து வைத்திருக்கும். மாதம் ஒருமுறை வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினால், யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாள் வரும். பேட்ஜ் எதையும் தடுக்காது. நடந்ததற்குச் சாட்சி சொல்லும், அவ்வளவுதான்.

மூன்றாவது வருடம் ராணுவம் வந்தது.

வந்தது என்றால் ஒரு மேஜரும் மூன்று சிப்பாய்களும். துறைமுகங்களுக்கு வரும் கன்டெய்னர்களுக்குள் யாராவது கதிர்வீசும் பொருளை ஒளித்துக் கொண்டுவந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் ஆராய்ச்சி. இரும்புக்குப் பின்னால், ஈயத்துக்குப் பின்னால் வைத்தாலும் கருவிக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். கருவியும் பணமும் அவர்களுடையது. அறையும் மூளையும் எங்களுடையது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு மணி நேரம் பேசினார். அறுபது வருடத்துக்கு முன்னால், யுத்த காலத்தில், அமெரிக்காவில் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ராணுவத்தின் கதவைத் தட்டிய கதை. ஆரம்பத்தில் அவர்களை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பிறகு மதித்தார்கள். ஒரு விளையாட்டு மைதானத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில், பந்தாடும் கூடத்தில், கிராஃபைட் என்கிற கருப்புக் கற்களை அடுக்கடுக்காக வைத்து முதல் அணு உலையைக் கட்டினார்கள்.

"ஒரு யூனிவர்சிட்டியும் ஒரு மிலிட்டரியும் கை கோத்தா என்ன நடக்கும்னு லோகமே பார்த்தது" என்று கூட்டம் முடிந்து வரும்போது என்னிடம் தமிழில் சொன்னார்.

"ஜப்பான்ல ரெண்டு ஊரும் பாத்துச்சு சார்" என்றேன்.

அவர் சிரித்தார். "நீ ஒருத்தி. நாம குண்டா செய்யறோம்? குண்டு வராம பார்த்துக்கற வேலைம்மா இது."

அது உண்மைதான். எனக்கும் அந்த ஆராய்ச்சியில் வருத்தம் இல்லை. அன்று மதியம் நூலகத்துக்குப் போய் அந்த உலையைப் பற்றிய புத்தகத்தை எடுத்துப் படித்தேன். கற்களை அறுத்ததும் சுமந்ததும் அடுக்கியதும் விஞ்ஞானிகள் மட்டுமல்ல. அக்கம்பக்கத்திலிருந்து கூலிக்குச் சேர்த்த ஆட்களும் இருந்தார்கள். கரித்தூள் அப்பி முகமெல்லாம் கருத்துப்போய் வேலை செய்தார்களாம். விஞ்ஞானிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கூலி ஆட்களின் பெயர் நான் படித்த புத்தகத்தில் இல்லை. படித்தேன், மூடி வைத்தேன்.

எங்களுக்கும் கல் சுமக்க ஆள் வந்தது. கட்டடத்தைச் சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் கம்பெனியிலிருந்து இரண்டு பேர். ஒருவர் அரியலூர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், குள்ளமான, கெட்டியான உடம்பு. மற்றவர் பாகிஸ்தானில் பெஷாவர் பக்கத்துப் பதான்; பட்டாணி என்போம். அரியலூர்க்காரருக்கு இடுப்புயரம் இருந்த அடுக்கு அவருக்கு முழங்காலுக்கு இருந்தது. சோர்ஸுக்கும் கருவிக்கும் நடுவே சுவராக அடுக்குகிற ஈயக் கல் ஒவ்வொன்றும் பத்துப் பதினொரு கிலோ. ஓர் அளவீடு முடிந்ததும் அந்தச் சுவரைப் பிரித்து வேறு கனத்தில் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை.

மேஜருக்குப் பேட்ஜ் இருந்தது. சிப்பாய்களுக்கு இருந்தது. பேராசிரியருக்கும் எனக்கும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கும்கூட இருந்தது. கல் சுமந்த இருவருக்கு இல்லை.

முதல் நாளே கேட்டேன். "பார்க்கலாம்மா. சோர்ஸைப் பெட்டியில வச்சு மூடின அப்புறந்தானே அவா உள்ள வரா" என்றார் பேராசிரியர். அதுவரைக்கும் சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் அப்படியே நடந்தது. பிறகு அவசரம் வந்தது. அறிக்கைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் சோர்ஸைப் பெட்டிக்குள் வைத்து, மூடி, திரும்ப எடுத்து நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் போகிறது என்று பேராசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். சோர்ஸ் நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். முன்னால் ஓர் ஈயக் கட்டியைத் தள்ளி வைத்தால் போதும். ஆட்கள் பின்பக்கமாக வந்து சுவரைப் பிரிக்கட்டும். நான் கதிர்வீச்சை அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து பார்த்தேன். பின்பக்கம் முள் அசையவில்லை. ஆனால் கற்களை எடுக்க அவர்கள் குனிகிற ஓரத்தில் முள் எழுந்தது. பயப்படுகிற அளவு இல்லை; ஆனால் எழுந்தது.

"சார், சைடுல கசியுது."

"அஞ்சு நிமிஷந்தானேம்மா."

ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை, வாரத்துக்கு ஐந்து நாள். இயற்பியல் படித்தவருக்கு நான் பெருக்கல் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் அடுத்த நாள் காலையும் கதவைத் திறந்தேன். அதற்கடுத்த நாளும் திறந்தேன். இதை மறைக்கப் போவதில்லை.

மதியம் மாடிப்படிக்கு அடியில் அரியலூர்க்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன்.

"அண்ணே, உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குச் சொன்னாங்களா?"

"கரண்டு மாதிரி ஏதோன்னாங்க மேடம். தொட்டாதான் அடிக்கும்னு சூப்பர்வைசர் சொன்னாரு."

"தொடாமலே படும்ணே. தெரியாது, சுடாது, வலிக்காது. ஆனா படும்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அப்ப நீங்க போறீங்களே?"

என் பேட்ஜைக் காட்டினேன்.

"இதப் போட்டா படாதா?"

"படும். எவ்வளவு பட்டுச்சுன்னு தெரியும்."

"தெரிஞ்சு?" என்றார் அவர். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரிஞ்சா, போதும் வெளிய வாங்கன்னு சொல்லலாம்."

"யாரு சொல்லுவா?"

"நான் சொல்லுவேன்."

அவர் டப்பாவை மூடினார். "மேடம், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. எங்க கேம்ப்புல ஏசில நடக்குற டூட்டி இது ஒண்ணுதான். இதுக்கு ஆளாளுக்குப் போட்டி. எங்களக் காப்பாத்துறேன்னு கெளம்பி, சைட்டுக்கு வெயில்ல அனுப்ப வச்சிராதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. பட்டாணியிடம் என் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, தன் அகன்ற மார்பை இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். "சிப்பாய்க்கு இருக்கிறது. எனக்கு ஏன் இல்லை? கொடு பாஜி." அக்கா, கொடு. அவ்வளவுதான் அவர் சொன்னது. ஒருவர் வேண்டாம் என்கிறார், ஒருவர் கொடு என்கிறார். கொடு என்று ஒருவர் கேட்ட பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை.

விண்ணப்பத்தாள் எடுத்து எழுதினேன். அதில் பாஸ்போர்ட் எண் கேட்டிருந்தது. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் அலமாரியில். சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்டால், "எந்தினு, எதுக்கு மேடம்? இவனுங்களுக்கு ஷூ வந்ததே போன மாசந்தான்" என்று மலையாளமும் தமிழும் கலந்து சிரித்தார். லேபர் கார்டு எண்ணை எழுதிப் பேராசிரியர் மேசையில் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டால் போதும். நான்கு நாள் அந்தத் தாள் அங்கேயே கிடந்தது. அதன்மேல் அவர் டீ கோப்பையை வைத்திருந்தார்.

ஐந்தாவது நாள் நேரே கேட்டேன்.

"புரிஞ்சுக்கோம்மா" என்றார். கோபமில்லாமல், பொறுமையாகத்தான். "அவா கான்ட்ராக்ட் ஆள். நாளைக்கு வேற ரெண்டு பேர் வருவா. பேட்ஜ் கொடுத்தா பேப்பர்ல நம்பர் வரும். நம்பர் வந்தா அது நம்ம பொறுப்புன்னு ஆயிடும். இப்ப ஒண்ணும் இல்லாம ஓடிண்டிருக்கு. ஏன் கிளறறே?"

அதுவரை மறதி, அவசரம், அலட்சியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சாட்சி வேண்டாம் என்றுதான் பேட்ஜ் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லோரும் அறை வாசலில் நின்றார்கள். மேஜர், சிப்பாய்கள், மாணவர்கள், சற்றுத் தள்ளிக் கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு பேர். நான் கதவுக்கு முன்னால் நின்றேன். சாவியை எடுக்கவில்லை.

"என்னாச்சு? திற" என்றார் பேராசிரியர்.

"பேட்ஜ் இல்லாம யாரும் உள்ள போகக்கூடாது சார். ரெண்டு பேருக்கு இல்ல."

அவர் முகம் மாறியது. பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, தமிழில் பேசினார். "விளையாடற நேரமில்ல. சாவியக் குடு."

"குடுக்க மாட்டேன் சார்."

"உன்ன இங்க யாரு கொண்டுவந்தா, ஞாபகம் இருக்கா?"

"நீங்கதான். இந்த ரூமுக்கு நான்தான் பொறுப்புன்னு என்கிட்ட கையெழுத்து வாங்கினதும் நீங்கதான்."

தமிழ் தெரியாதவர்களுக்கும் அங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. மேஜர் முன்னால் வந்து என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் வெளிநாட்டில் இயற்பியல் படித்தவர். சுற்றி வளைக்காமல் பேசுவார். நானும் சுற்றி வளைக்கவில்லை. சோர்ஸ் திறந்த நிலையில் வேலை நடப்பது, ஓரத்தில் முள் எழுவது, விண்ணப்பத்தாள் ஐந்து நாளாகக் கிடப்பது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திரும்பி அந்த இரண்டு பேரையும் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு பேராசிரியரிடம், "என் ஆட்களில் யாரும் பேட்ஜ் இல்லாமல் உள்ளே போவதில்லை. இவர்களுக்கும் நீங்கள் ஏற்பாடு செய்திருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

"அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள்" என்றார் பேராசிரியர்.

"சுவர் யாருடையது?"

பேராசிரியர் பூட்டிய கதவைப் பார்த்தார். "கலாஸ், முடிந்தது. இன்றைக்கு வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு மேஜர் நடந்தார். இரண்டடி போய், என் பக்கம் திரும்பினார். "இதை நீங்கள் முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்."

பாராட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றவளுக்கு அது அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் சரியான அறை.

இதில் வெற்றி என்று சொல்ல எதுவும் இல்லை. அறை மூடிக் கிடந்த நாட்களில் கம்பெனிக்காரன் ஆட்களைச் சும்மா வைத்திருப்பானா? இருவரையும் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கோடவுன் கூரைக்குத் தகரம் ஏற்ற அனுப்பிவிட்டான். ஜூன் மாதம். போகும்போது அரியலூர்க்காரர் என்னிடம் வந்து, "நான் சொன்னேனே மேடம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை பர் துபாய் கோயிலுக்குக் கிளம்பினோம். ஷார்ஜா எல்லையிலேயே நெரிசலில் கார் நின்றுவிட்டது. பின்சீட்டில் மகள் ஆங்கிலத்தில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். கணவர் நான்கு நாளாக அடக்கி வைத்திருந்ததைச் சொன்னார்.

"உன் விசா என் பேர்ல இருக்கு. யூனிவர்சிட்டியால உன்ன ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா மிலிட்டரி சம்பந்தப்பட்ட விஷயம்டி. என் கம்பெனிக்கு ஒரு போன் வந்தா?"

"மேஜர் என் பக்கம்தான பேசினாரு?"

"அவர் யார் பக்கமும் இல்ல. அவருக்கு அவரு ரூல் புக்கு."

"எனக்கும் அதேதான்."

கார் ஒரு கார் நீளம் நகர்ந்து மறுபடி நின்றது. "பேராசிரியர்கிட்ட ஒரு சாரி சொல்லிடேன். பெரியவரு."

"சொல்றேன். எதுக்குன்னு சொல்லு, சொல்றேன்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். இரண்டு சிக்னல் தாண்டியது. "எனக்கும் தெரியல" என்றார். கோயில் சந்தில் செருப்பைக் கழற்றும்போது, "எப்படியும் நீ என் பேச்சக் கேக்க மாட்ட. குனிஞ்சு மட்டும் போகாத" என்று சொன்னார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். பேட்ஜ் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு வாரமாகும் என்றார்கள். அதுவரைக்கும் என்று மேஜர் தன் கிடங்கிலிருந்து பேனா மாதிரிச் சட்டைப்பையில் குத்துகிற இரண்டு அளவுமானிகளை அனுப்பினார். நான் இன்னொன்று கேட்டேன். அதே இரண்டு பேர்தான் வர வேண்டும்.

"ஆள் எல்லாம் ஒண்ணுதானே மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

"ஒண்ணில்ல. அவங்க ரெண்டு பேரு. அவங்க வந்தாதான் திறப்பேன்."

வந்தார்கள். இருவரும் இரண்டு பங்கு கருத்திருந்தார்கள். பட்டாணியின் மூக்கில் தோல் உரிந்திருந்தது. பேட்ஜ் வந்த அன்று அவர் அதைக் குத்திக்கொண்டு சிப்பாய்களுக்கு நேர் எதிரே போய் நின்று, விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். சிப்பாய்கள் சிரித்துவிட்டுத் திரும்பச் சலாம் வைத்தார்கள். அரியலூர்க்காரர் தலைகீழாகக் குத்தியிருந்தார். சொன்னேன். என்னைப் பார்க்காமல் திருப்பிக் குத்தினார்.

சோர்ஸைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகுதான் ஆட்கள் உள்ளே என்பது திரும்ப வந்தது. ஆனாலும் நாள் குறைவு என்று பேராசிரியர் இடையிடையே சோர்ஸை மூடாமல் விடுகிற வழிக்குப் போகப் பார்த்தார். நான் மறித்தேன். சில நாள் நான் வகுப்புக்குப் போன நேரம் பார்த்து, திறந்திருந்த அறையில் மாணவர்களை வைத்து அந்த இருவரையும் அப்படி உள்ளே விட்டார்.

மாதம் முடிந்து தாள் வந்தது. எங்கள் எல்லோருடைய எண்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. அந்த இரண்டு பேருடையது மட்டும் மற்ற எல்லோரையும்விட அதிகம். வரம்புக்குள்தான், ஆபத்தில்லை. ஆனால் சிப்பாய்களைவிட, மேஜரைவிட, தினமும் பெட்டியைத் தொடுகிற என்னைவிட அதிகம்.

மாடிப்படிக்கு அடியில் போய் அரியலூர்க்காரரிடம் தாளைக் காட்டினேன். "இதுல என் பேரு எங்க?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன எண், என்ன அர்த்தம் என்று சொன்னேன். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னேன்.

"இது இந்த மாசத்துது. சரி. இதுக்கு முன்னாடி பட்டது?"

"அது தெரியாதுண்ணே."

"அப்ப அது காத்துல போச்சா?"

தாளை மடித்துக்கொண்டேன். அந்த நாட்களில் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்து விட்டவள் நான்தான்.

அன்று மதியம் பேராசிரியர் உள்ளே கூப்பிட்டபோது அவர் வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்து, "பொட்டி மூடியாச்சா? காட்டுங்க" என்றார். மூடியைத் தட்டிக் காட்டினேன். கருவியை அவர் பக்கம் நீட்டி முள்ளைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கால் எடுத்து வைத்தார். தினமும் அப்படித்தான். பட்டாணியும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேர் வாசலில் கை கட்டி நிற்க, பல்கலைக்கழகமும் ராணுவமும் காத்திருந்தன.

அறிக்கை எழுதும்போது அடுத்த சண்டை வந்தது. ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்கள் பெற்ற கதிர்வீச்சு என்று ஓர் அட்டவணை. அதில் எல்லோரும் இருந்தார்கள், இரண்டு பேரைத் தவிர. அவர்களை எடுத்துவிட்டதால் எண்கள் அழகாக, அடக்கமாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் அறைப் பொறுப்பாளர் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"ரெண்டு வரி விட்டுப்போச்சு சார்."

"விட்டுப்போகல. இது ஆராய்ச்சி அறிக்கை. கூலி லிஸ்ட் இல்ல."

"அப்ப கையெழுத்து இல்ல."

"நீ என்னதான் நினைச்சிண்டிருக்கே?" அப்போதுதான் அவர் முதல்முறை சத்தம் போட்டார். "இருபது வருஷம் இந்த மணல்ல உக்காந்து பசங்களுக்கு ஊசல் குண்டு ஆட்டிக் காட்டியிருக்கேன். இப்பதான் ஒரு நல்ல வேலை வந்திருக்கு. அதுல ரெண்டு வரிக்காக..." முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது.

முடிவுக் கருத்தரங்கம் நடந்தது. பெரிய அரங்கு, முன்வரிசையில் மேஜரும் அவருக்கு மேலதிகாரிகள் சிலரும். பேராசிரியர் முதல் படமாக அந்த மைதானத்து உலையைத்தான் போட்டார். அடுக்கடுக்காகக் கற்கள். பல்கலைக்கழகமும் ராணுவமும் தோள்கொடுத்த அந்தப் பழைய மரபின் ஒரு சிறிய கிளை எங்கள் வேலை என்று அழகாகப் பேசினார். அட்டவணை வந்தது, போனது. இரண்டு வரி இல்லை. பிறகு கேள்வி நேரம் என்றார்கள்.

எழுந்தேன். பின்வரிசை. ஒலிவாங்கி என் கைக்கு வருவதற்குள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

"அந்த முதல் படத்தில் உள்ள கற்களை அடுக்கியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"விஞ்ஞானிகள், மாணவர்கள், உதவியாளர்கள்" என்றார்.

"கூலிக்கு வந்த ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர்கள்?"

"வரலாறு எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை." அரங்கில் சிலர் மெல்லச் சிரித்தார்கள்.

"நம்முடையது இன்னும் வரலாறு ஆகவில்லை. போன மாதம்தான் நடந்தது. நம் சுவரை அடுக்கிய இரண்டு பேர் அட்டவணையில் இல்லை. எல்லோரையும்விட அதிகம் பட்டது அவர்களுக்குத்தான். தாள் என்னிடம் இருக்கிறது."

உட்கார்ந்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை. மேஜர் திரும்பிப் பார்க்காமல், மடியில் இருந்த நோட்டில் எதையோ எழுதினார்.

ஒரு வாரம் கழித்துப் பேராசிரியர் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள். "நீயே எழுதிக் கொடுத்துடு. குடும்பக் காரணம்னு போடு. நல்ல சர்ட்டிஃபிகேட் தரேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எழுத மாட்டேன் சார். நான் போகல. நீங்க அனுப்பறீங்க. அத நீங்களே எழுதுங்க."

"வேற இடத்துல ஏன்னு கேட்டா?"

"நானே சொல்லிக்கிறேன்."

எழுதினார். மூன்று வரி, திட்டம் முடிந்ததால் பணி தேவையில்லை என்று. கையெழுத்துப் போட்டு நீட்டினார். நன்றி சொன்னேன். பொங்கல் விழாவில் பாயசக் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னை வேலைக்குக் கூப்பிட்டதற்குத்தான் அந்த நன்றி. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் துறைச் செயலாளர் அறிக்கையின் இறுதிப் பிரதியைக் கொண்டுவந்து வைத்தார். அட்டவணையைப் பிரித்தேன். அடியில் இரண்டு வரி சேர்ந்திருந்தது. அரியலூர்க்காரர் பெயர், எழுத்துப் பிழையோடு. பட்டாணியின் பெயர். எண்கள் சரியாக இருந்தன. பிழையைப் பேனாவால் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். யார் சேர்க்கச் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. மேஜர்தான் என்பார் கணவர். பேராசிரியரே சேர்த்திருக்கலாம் என்று எனக்கு ஓர் எண்ணம்.

வாசலில் அரியலூர்க்காரர் நின்றிருந்தார். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

"இனிமே பொட்டி மூடியாச்சான்னு யாரு மேடம் காட்டுவா?"

"புதுசா யாராவது வருவாங்க. கேளுங்க. காட்டாம உள்ள போகாதீங்கண்ணே."

"கேட்டா மறுபடி வெயிலுக்கு அனுப்புவான்."

"அனுப்புவான்." பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சம்மதமா, சலிப்பா என்று தெரியவில்லை. "வெயிலாச்சும் கண்ணுக்குத் தெரியுது" என்றார். பிறகு என் பையை வாங்கி பஸ் வரைக்கும் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பட்டாணியையும்தான்.

இரண்டு பள்ளிக்கூடங்களில் நேர்முகத்துக்குப் போனேன். ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டார்கள். முழுவதையும் சொன்னேன். கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. மூன்றாவது பள்ளியில் தலைமையாசிரியை, கேரளக்காரர், கன்னத்தில் கை வைத்துக் கடைசி வரை கேட்டார். "எங்க லேப்ல கதிர்வீச்சு ஒண்ணும் இல்ல. ஆனா கெமிஸ்ட்ரி லேப்ல கேஸ் பைப் ரெண்டு வருஷமா கசியுது. எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் எழுத்துல குடுக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

"நான் ஃபிசிக்ஸ் டீச்சர் மேடம்" என்றேன்.

"தெரியும்."

திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை கேஸ் பைப் கசிவதைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, இந்த டீச்சர் யார் என்று விசாரித்துவிட்டுப் போனார்.